ஒரு மேல்சுருதிக்காகப் பதினான்கு மாதம்

நான் காட்பாடிக்காரன். பகலில் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, சனி ஞாயிறில் ஒரு ராக் பேண்டில் பாட்டு. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் கனத்த குரல். அப்பா திண்ணையில் உட்கார்ந்து போன் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். எனக்கும் அதே குரல்தான் வாய்த்தது. ஆனால் எனக்குப் பிடித்த ராக் பாட்டுகளில் உயிர்நாடியான இடம் எல்லாமே மேலேதான் இருக்கும். ஆர்மோனியக் கட்டையை எண்ணிச் சுருதியைச் சொல்லும் நம் கணக்கில் சொன்னால், நடு ஸ்தாயியில் ஒரு கட்டையிலிருந்து ஏறும்போது மூன்று, நான்கு கட்டை வந்ததும் என் குரல் இரண்டாக உடையும். உடையும் இடத்துக்குக் கீழே நல்ல கனம். மேலே போனால் காற்று கலந்த ஒல்லிச் சத்தம், பாட்டு வாத்தியார்கள் கள்ளக்குரல் என்பார்களே, அது. எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றின் கடைசிக் கோரஸில் ஆறு கட்டைச் சுருதியை எட்டு எண்ணிக்கைக்குப் பிடித்து நிற்க வேண்டும். மேற்கத்தியக் கணக்கில் அது ஏ4. நொடிக்கு 440 முறை குரல்நாண்கள் ஒன்றோடொன்று தட்ட வேண்டிய இடம். அந்த ஒரு சுருதியைக் கனத்தோடு பிடிக்கப் போய்ப் பதினான்கு மாதங்களையும் 76,500 ரூபாயையும் இழந்தேன், கடைசியில் குரலையும் இழக்கப் பார்த்தேன். அப்போது என்னைத் தடுத்துச் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆரம்பம் 2022 ஜூன். காந்தி நகரில் நண்பன் வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறையில்தான் ரிகர்சல். வேலூர் வெயில் தெரியும்தானே, சாயங்காலம் ஆறு மணிக்கும் தகரம் சுட்டுக்கொண்டே இருக்கும். மின்விசிறி போட்டால் மைக்கில் இரைச்சல், போடாவிட்டால் மூச்சு முட்டும். அந்தச் சின்ன அறையில் டிரம்ஸ், இரண்டு கிட்டார் ஆம்ப், நடுவில் நான். என் குரலைக் கேட்பதற்கு எனக்கென்று இருந்தது ஒரு பழைய ஸ்பீக்கர், அதுவும் என் முதுகுக்குப் பின்னால். நான் பாடுவது எனக்கே கேட்காது. கேட்காததால் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாடுவேன். அதை உணர்வேன் என்றுகூடச் சொல்ல முடியாது, உடம்பே கூட்டிவிடும். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்திவிடுவான் என்பதை நூறு வருடத்துக்கும் முன்னால் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் கவனித்துச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. நான் அதைத் தெரிந்துகொண்டது கடைசியில். முதலில் தெரிந்திருந்தால் பாட்டு வகுப்புக்குச் செலவு செய்வதற்கு முன் ஸ்பீக்கரைத் தூக்கி என் முகத்துக்கு எதிரே வைத்திருப்பேன். காசு செலவில்லாத வேலை அது.

அடுத்ததாக இணையத்தில் ஒரு வகுப்பு வாங்கினேன், 14,500 ரூபாய். முப்பது நாளில் மேல்சுருதி என்று விளம்பரம். நாற்பது வீடியோ இருந்தது. ஒன்றில்கூட யாரும் என் குரலைக் கேட்கவில்லை. நான் செய்வது சரியா என்று சொல்ல ஆள் இல்லாமல் பயிற்சி செய்வது, கண்ணாடி இல்லாமல் சவரம் செய்வது மாதிரி. இரண்டு மாதத்தில் விட்டேன். பிறகு சென்னையில் ஒருவரைப் பிடித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காட்பாடியிலிருந்து ரயில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கிருந்து பஸ், ஒரு மணி நேர வகுப்பு, திரும்ப ரயில். வகுப்புக்கு 1,200 ரூபாய், போக வர, சாப்பாடு என்று ஒரு 300. இப்படி 22 சனிக்கிழமை போனேன். அவர் நல்ல பாடகர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு இயல்பிலேயே உயரமான குரல். என்னிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “வயித்துலேர்ந்து தள்ளு, இன்னும் தள்ளு, பயப்படாத.” நான் தள்ளினேன். கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்கத் தள்ளினேன். சில நாள் அந்தச் சுருதி வந்துவிடும், கத்தல் மாதிரி. வந்த சந்தோஷத்தில் திரும்பும் ரயிலில் அதையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வருவேன். மறுநாள் வராது.

இங்கே கொஞ்சம் நின்று ஏன் தள்ளக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். குரல்நாண் என்பது தசையும் அதன்மேல் ஈரமான மெல்லிய தோலும். கீழ்ச் சுருதியில் அது தடிமனாக, தளர்வாக இருந்து முழு உடம்போடு ஆடும், அதனால் கனம். மேலே போக அது நீண்டு மெலிய வேண்டும். கிட்டாரில் மேல்சுருதிக்கு மெல்லிய கம்பி இருப்பது போலத்தான். குரல்நாணைத் தடிமனாகவே வைத்துக்கொண்டு கீழேயிருந்து காற்றை அடித்தால் சுருதி ஏறும், ஏறாமல் போகாது. ஆனால் நொடிக்கு நானூறு முறை இரண்டு தடித்த விளிம்புகள் பலமாக மோதிக்கொள்கின்றன. இரண்டு மணி நேர ரிகர்சலில் அது எத்தனை லட்சம் மோதல் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுப் பிடிப்பு வேண்டும், அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பிடிப்பு, காற்று ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் நிறுத்தி வைக்கத்தான். மேல்சுருதிக்குக் காற்று குறைவாகத்தான் வேண்டும் என்பது எனக்குத் தலைகீழாக இருந்தது. ‘தள்ளு’ என்ற ஒரு சொல் எனக்கு ஐந்து மாதத்தைத் தின்றது.

தொண்டை வறண்டது, கட்டியது. அம்மா பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் கொடுத்தாள், சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் வாயில் அடக்கினேன். இதமாக இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. அது மூச்சுக் குழாயின் வாசலில் இருக்கிறது, சாப்பாடும் தண்ணீரும் பின்னால் வேறு குழாயில் போகின்றன. தொட்டால் புரையேறிவிடும். ஆவி மட்டும்தான் நேராகப் போய்ச் சேரும். தண்ணீர் குடிப்பது உடம்பு முழுக்க ஈரமாகி அதன் வழியாகத்தான் குரல்நாணுக்குப் போகிறது, அதனால் மேடைக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு பாட்டில் குடித்துப் பயனில்லை, காலையிலிருந்தே குடிக்க வேண்டும். மெந்தால் மிட்டாயும் ஸ்ப்ரேயும்தான் பெரிய துரோகம் செய்தன. மரத்துப்போகச் செய்து வலியை மறைத்தன, வலி தெரியாததால் இன்னும் பாடினேன். அந்த வகையில் மட்டும் ஒரு 4,000 ரூபாய் போயிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்களை அப்போது நான் பாட்டோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. ஒன்று, என் வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே எட்டு மணி நேரம் கத்திக் கத்திப் பேசிவிட்டு, சாயங்காலம் அதே குரல்நாணோடு போய் ராக் பாடுகிறேன். பாடகனுக்குப் பேச்சும் கணக்கில் சேரும். இரண்டாவது சாப்பாடு. நிகழ்ச்சி முடிந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஆற்காட்டு ரோட்டில் பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய் என்று ஒரு பிடி பிடிப்போம். ஒரு மணிக்குப் படுப்பேன். படுத்ததும் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையை அரிக்கும். நெஞ்செரிச்சல் இல்லாமலேகூட அது நடக்கும், அதனால் எனக்குத் தெரியவில்லை. காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டே எழுவேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எனக்குக் குரலே இருக்காது. பால்காரர் கூப்பிட்டால் வாயைத் திறந்து “வந்துட்டேன்” என்று சொல்ல முடியாமல் ஓடிப்போய்க் கேட்டைத் திறப்பேன். அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். எட்டு மாதம் இதைச் சாதாரணம் என்று நினைத்தேன். பாடின மறுநாள் குரல் இல்லாமல் போவது சாதாரணமே இல்லை. உங்களுக்கு அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையில் மற்ற எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 பிப்ரவரியில் ஒரு கல்லூரி விழாவில் வாய்ப்பு வந்தது. எங்களுக்கு அதுவரை கிடைத்ததில் பெரிய மேடை. அந்த வாரம் எனக்குச் சளி. ஒத்திப்போடச் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்த மெடிக்கலில் சொன்னேன், ஒரு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வடியும், பாடிவிடலாம் என்று. உண்மைதான், வடிந்தது. சவுண்ட் செக்கில் குரல் பிரமாதமாக இருந்தது. நான்காவது பாட்டு அந்தப் பாட்டு. கடைசிக் கோரஸில் சுருதியைப் பிடித்தேன், இரண்டு எண்ணிக்கை நின்றது, மூன்றாவதில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு வெறும் காற்று. மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டி ஒப்பேற்றினேன். அவர்கள் கை தட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் கால் நடுங்கியது. மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையை யாரும் தொடாதீர்கள். வீங்கின குரல்நாணை வீங்காத மாதிரிக் காட்டி அதன்மேல் பாரத்தை ஏற்றும் வேலை அது. பாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் போனால் குரல்நாணில் ரத்தம் கசிந்திருக்கவும் கூடும். அந்த நிமிடமே வாயை மூடிவிட வேண்டும், ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, மறுநாளே காட்ட வேண்டும். நான் அதற்குப் பிறகும் இரண்டு பாட்டுப் பாடினேன்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். நான் ஐந்து வாரம் பயத்தில் தள்ளிப்போட்டேன். கடைசியில் போன அன்று மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, திரையில் காட்டினார்கள். முத்துச் சிப்பி மாதிரி வெள்ளையாக இரண்டு பட்டைகள் திறந்து மூடின. இரண்டிலும் ஒரே இடத்தில், முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், எதிரெதிரே இரண்டு சின்ன மேடு. நாட்யூல் என்றார் டாக்டர். அதிகம் மோதுகிற இடம் அதுதான், உள்ளங்கையில் காய்ப்புக் காய்க்கிற மாதிரி அங்கே காய்த்திருக்கிறது என்றார். மேடு இருப்பதால் இரண்டு விளிம்பும் முழுதாக மூடவில்லை, இடுக்கில் காற்று ஒழுகுகிறது. ஒழுகும் காற்றை ஈடுகட்ட நான் இன்னும் தள்ளியிருக்கிறேன். தள்ளத் தள்ள மேடு வளர்ந்திருக்கிறது. கத்தி வைக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முதலில் பயிற்சி, பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும் என்றார். வேலூர்ப் பக்கமிருந்து வண்டியில் திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் ஓரமாக நிறுத்திவிட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். வெகுநேரம் அழுதேன். சத்தம் வராமல் அழ வேண்டியிருந்தது.

டாக்டர் என்னை அனுப்பிவைத்த ஸ்பீச் தெரபிஸ்ட்தான் என்னைக் காப்பாற்றியவர். பாட்டுக்காரர் இல்லை அவர். கேமரா விட்டுப் பார்த்த ஸ்கோப்புக்கு 2,500, பத்து முறை அவரிடம் போனதற்கு 6,000, மருந்துக்கு ஒரு 1,500. ஆக 10,000 ரூபாயில் முடிந்த காரியம். முதல் நாளே இங்கே போயிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அவர் முதலில் நிறுத்தச் சொன்னது மூன்று: கிசுகிசுப்பது, செருமுவது, மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுவது. குரலுக்கு ஓய்வு என்று நான் ஒரு வாரமாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் குரல்நாணை இறுக்கத்தான் செய்கிறது, தாழ்ந்த குரலில் இயல்பாகப் பேசுவது அதைவிட மேல். கம்பெனியில் ஒரு விசில் வாங்கிக்கொண்டேன், கூப்பிட வேண்டியவர்களைக் கைகாட்டி அருகே வரச் சொல்லிப் பேசினேன். சூபர்வைசரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டினேன், புரிந்துகொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விட்டேன்.

அவர் கொடுத்த பயிற்சி உறிஞ்சுகுழல். ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர், குழலை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு விட்டு, அதற்குள் ‘ஊ’ என்று குரல் கொடுத்துக் கொப்புளம் விட வேண்டும். பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே சறுக்க வேண்டும். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. காகிதக் குழல் இரண்டே நிமிடத்தில் ஊறிவிடும், பாத்திரக் கடையில் ஸ்டீல் குழல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பக்கம் வழி சின்னதாக இருப்பதால் காற்று கொஞ்சம் திரும்பி வந்து குரல்நாண்களுக்கு மேலிருந்து தலையணை மாதிரி நிற்கிறது, அதனால் அவை பலமாக மோதாமல் லேசாகத் தொட்டே ஒலிக்கின்றன. தள்ளினால் தண்ணீர் மேலே தெறிக்கும். நீங்கள் தள்ளுகிறீர்களா என்று சொல்ல அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கொப்புளம் ஒரே சீராக இருக்க நான் ஏ4 வரை சறுக்கினது ஆறாவது வாரத்தில். அந்தச் சுருதி வலிக்காமல் என் உடம்பிலிருந்து வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. நம்பிக்கை அங்கேதான் பிறந்தது.

ஆனால் சின்னச் சத்தம் ராக்குக்குப் போதாது. கனம் எங்கிருந்து வரும் என்பது அந்த வருடம் சித்திரையில் செய்யாறு பக்கம் அம்மாவின் ஊரில் எனக்குக் கிடைத்தது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். பழைய வட ஆற்காட்டில் கூத்து என்பது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது, கூத்துக்குப் பேர்போன புரிசை அங்கிருந்து பக்கம்தான், ஆனால் நான் சின்ன வயதில் மடியில் தூங்கிக்கொண்டே பார்த்ததோடு சரி. பாடக் கூடாது என்று வீட்டில் சும்மா இருந்த நேரம் என்பதால் அன்று ராத்திரி பத்து மணிக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். முகவீணை வைக்கும் சுருதியே மேலே இருக்கும். அந்தச் சுருதிக்கு, அறுபது வயது தாண்டின ஒரு மனிதர், கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்துகொண்டு, சுற்றிச் சுற்றி அடவு போட்டுக்கொண்டு, விடியும் வரைக்கும் பாடினார். என்னைவிடக் கனத்த பேச்சுக்குரல் அவருக்கு. மேலே போகும்போது குரல் மெலியவே இல்லை, வெண்கலத் தட்டில் அடித்த மாதிரி மணல்மேட்டுக்கு அப்பால் போய் எதிரொலித்தது. நாலு மணிக்கும் அதே குரல்.

மறுநாள் சாயங்காலம் அரிதாரம் கலைத்துவிட்டு டீக்கடையில் இருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன். “வாத்தியாரே, எனக்கு மேல போனா கிழியுது. ஒங்களுக்கு எப்படி நிக்குது?” என்று கேட்டேன். பாடிக் காட்டச் சொன்னார். தாழ்ந்த குரலில்தான் பாடினேன், மூன்று கட்டைக்குப் போனதுமே கையைக் காட்டி நிறுத்தினார். “இன்னா நைனா, வாயை இம்மாம் பெருசா தொறந்துகினு கத்தற? சத்தத்த தொண்டையில புடிச்சி வச்சிக்கினு கீற. அத்த மூஞ்சிக்கு ஏத்து. பஸ் ஸ்டாண்டுல கூவி விக்கிறான் பாரு, அவன் காலைல இருந்து ராத்திரி வரிக்கும் கூவறான், அவனுக்கு தொண்டை கட்டுதா?” என்றார். பிறகு மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் விரலால் தட்டிக் காட்டி, ‘ங்’ என்று முனகி, அதையே திறந்து ‘ஙே’ என்று விட்டார். டீக்கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்: “ஒரு வரி நான் எடுத்தா, அடுத்த தபா பின்பாட்டுக்காரன் வாங்கிக்குவான். அந்த நேரம் நான் மூச்சு வாங்கறது. எல்லாத்தியும் நானே கத்தினா விடியறதுக்கு யாரு பாடறது?”

ஊருக்கு வந்து தெரபிஸ்டிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அதன் அறிவியலைச் சொன்னார். குரல்நாணுக்குச் சற்று மேலே குரல்வளையின் வாசல் ஒரு குழல் மாதிரிக் குறுகினால் 3,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 3,000 அதிர்வு அளவில் ஒரு கணீர் ஒலி சேர்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அதை ஒட்டித்தான். ஆப்பரா பாடகர்கள் மைக் இல்லாமல் முழு இசைக்குழுவுக்கு மேலே கேட்பதும் அதனால்தான், ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் அதை அளந்து விளக்கியிருக்கிறார். ஆக, கேட்பவருக்குக் ‘கனம்’, ‘பலம்’ என்று தோன்றுவதில் பெரும்பங்கு காற்றின் வேகத்தால் வருவதில்லை. குரல்நாண் ஒழுகாமல் மூடுவதாலும் அதற்கு மேலே இருக்கும் வழியின் வடிவத்தாலும் வருகிறது. புது பஸ் ஸ்டாண்டில் “ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா” என்று கூவுகிறவர்களை நான் அதன் பிறகு நின்று கேட்டேன். எல்லோரும் வாயை அகலத் திறக்காமல், சற்று மூக்கடைத்த மாதிரி, கூர்மையாகத்தான் கூவுகிறார்கள்.

வாயை அகலத் திறக்காதே என்று கூத்து வாத்தியார் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது, இதுதான் எனக்குக் கிடைத்தவற்றில் பெரிய விஷயம். ஆண் குரலில் ‘ஆ’ என்ற உயிரெழுத்துக்கு வாயறையின் முதல் அதிர்வு சுமார் 700 ஹெர்ட்ஸில் இருக்கிறது. எஃப்4 என்ற நான்கு கட்டைச் சுருதி சுமார் 350, அதோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் இரட்டிப்பு 700. அதுவரைக்கும் குரலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அதிர்வை அந்த இடத்தில் இந்த இரட்டிப்பு தாண்டிப்போகிறது. ஆதரவு போனதும் உடம்பு பயந்துபோய் வாயை இன்னும் அகட்டி, குரல்வளையை மேலே தூக்கி அதைத் துரத்துகிறது. அதுதான் கத்தல். துரத்த முடியாதபோது உடைந்து கள்ளக்குரலில் விழுகிறது. என் குரல் ஏன் அந்த இடத்திலேயே ஒவ்வொரு முறையும் உடைந்தது என்பது எனக்குப் புரிந்த அன்று, என் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. அதற்கு மருந்து, உடையும் இடத்துக்கு ஒரு கட்டை முன்னாலேயே ‘ஆ’வை லேசாக ‘ஓ’ பக்கம் குவிப்பது. ‘ஈ’யை லேசாக ‘எ’ பக்கம் தளர்த்துவது. ஏறித் தாண்டியபின் கூர்மையோடு மறுபடி திறந்துகொள்ளலாம். பாடுகிறவனுக்கு எழுத்து மாறின மாதிரித் தோன்றும், கேட்கிறவனுக்கு ‘ஆ’ என்றுதான் கேட்கும். பதிவு செய்து கேட்டு நானே உறுதி செய்துகொண்டேன்.

பயிற்சி வரிசை எனக்கு இப்படி அமைந்தது. காலையில் குழல். பிறகு ‘தங்கம்’ என்று சொல்லி ஙகரத்திலேயே நின்று, அந்த ‘ங்’கில் கீழிருந்து மேலே மெதுவாகச் சறுக்குவது, உடையும் இடத்தில் ஒலியைக் கூட்டாமல் குறைத்துக் கடப்பது. அது வழுக்கிக்கொண்டு போக எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. பிறகு ‘ஊ’வில் அதே சறுக்கு, ‘ஊ’விலிருந்து ‘ஓ’, ‘ஓ’விலிருந்து ‘ஆ’. அதற்கப்புறம்தான் ‘ஙே ஙே ஙே’ என்று குழந்தை சிணுங்குகிற மாதிரி, சின்னச் சத்தத்தில், ஒவ்வொரு கட்டையாக. கனத்தை நான் சேர்க்கவில்லை, வாரம் ஒரு படி என்று தானாகச் சேர்ந்தது. ஒரு நாளைக்கு மேல்சுருதிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்கவே இல்லை. வலி, அரிப்பு, கூச்சம் எது வந்தாலும் அன்றைக்கு அத்தோடு முடித்தேன். ராக்குக்கு வேண்டிய அந்தக் கரகரப்பைக் கடைசியில்தான் தொட்டேன். அது குரல்நாணுக்கு மேலே இருக்கும் பொய் மடிப்புகள் ஆடுவதால் வருவது, அடியில் சுருதி சுத்தமாக நிற்காதவன் அதைத் தொட்டால் உண்மையான குரல்நாணைத்தான் உரசுவான். நான் முதல் எட்டு மாதமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கனத்த குரல்காரர்கள் மனம் தளர வேண்டாம். குஜராத்திப் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நம் மகாராஷ்டிரத்துப் பாஞ்ச்கனியில் பள்ளிக்கூடம் படித்த, க்வீன் ராக் பேண்டின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் பேச்சுக்குரலை ஆய்வாளர்கள் 2016-ல் பதிவுகளிலிருந்து அளந்தார்கள், சுமார் 117 ஹெர்ட்ஸ். சாதாரண ஆண் குரல்தான், உயரமானது இல்லை. ஆனால் பதிவில் கேட்பதோடு உங்களை ஒப்பிடாதீர்கள். ஆல்பத்தில் கேட்கும் அந்தத் தடித்த மேல்சுருதி பல இடங்களில் ஒரே வரியை இரண்டு மூன்று முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது, அதன்மேல் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஷன். ஒரு தொண்டையிலிருந்து ஒரு தடவையில் அது வராது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மேடைக்கு வரும்போது மாற்றினது நான்கு. எனக்கு எதிரே, மைக்கின் வால் பார்க்கும் பக்கத்தில் மானிட்டர், அதாவது என் குரலை எனக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர். மேடைப் பாடகர்கள் பிடிக்கும் சாதாரண கார்டியாய்டு மைக் பின்பக்கத்துச் சத்தத்தை அதிகம் வாங்காது, அதனால் அங்கே வைத்தால் மைக் கீச்சிடாமல் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துக்கொள்ளலாம். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதை விட்டேன். பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஆனால் மைக்கின் அந்தக் குணமே போய்விடும், கீச்சிடும், குரலும் மூடிக்கொள்ளும். மூன்றாவது, கிட்டார்கள் எல்லாவற்றையும் அரைக் கட்டை இறக்கினோம். கிட்டாரிஸ்ட் முகம் சுளித்தான். கன்ஸ் அன் ரோசஸ் பேண்டே அரைக் கட்டை இறக்கித்தான் வாசிக்கிறார்கள் என்றதும், “சரி மச்சான், எறக்கு” என்றான். ஜனங்களில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. நான்காவது பின்பாட்டு. கோரஸில் முதல் தடவை நான், இரண்டாவது தடவை பேஸ் வாசிக்கிறவனும் டிரம்மரும், நான் அதற்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசித் தடவைக்கு வருவேன். அந்தப் பாட்டு முன்னைவிட நன்றாகவே ஆகிவிட்டது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இணைய வகுப்பு 14,500, சென்னை வகுப்பு 26,400, போக்குவரத்தும் சாப்பாடும் 6,600, ஸ்ப்ரே மிட்டாய் வகை 4,000, குரல் இல்லாமல் விட்ட மூன்று நிகழ்ச்சிகளில் என் பங்கு 15,000, மருத்துவம் 10,000. கடைசி வரியைத் தவிர மற்றது எல்லாம் தவிர்த்திருக்கக்கூடியது. வாத்தியார் தேடுகிறவர்கள் ஒன்று மட்டும் கேளுங்கள்: உங்களைப் போன்ற கனத்த குரல்காரன் யாரையாவது அவர் மேலே ஏற்றியிருக்கிறாரா, அவனைப் பாடச் சொல்லிக் கேட்க முடியுமா என்று. முதல் வகுப்பில் உங்கள் தொண்டை வலித்து, அதை அவர் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆகஸ்டில் மறுபடி ஸ்கோப் பார்த்தார்கள். மேடு இரண்டும் கரைந்திருந்தன. நவம்பரில் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன மேடை. நூறு பேர் இருந்திருப்பார்கள். அரைக் கட்டை இறக்கினதில் அந்தச் சுருதி இப்போது ஐந்தரைக் கட்டை. எட்டு எண்ணிக்கையும் நின்றது. எட்டாவதில் நானாகத்தான் விட்டேன். டிரம்மர் குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் இட்லி சாப்பிட்டுவிட்டு நேரமாகவே வீட்டுக்கு வந்தேன். காலையில் கேட்டில் சத்தம் கேட்டு விழித்தேன். படுக்கையிலிருந்தே “அம்மா, பால் வந்திருக்கு” என்று குரல் கொடுத்தேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். பாலை வாங்கப் போகாமல் அங்கேயே நின்று, “இன்னொரு தபா சொல்லுடா” என்றாள்.